ஏறத் திணறும் கார் கண்ணாடி: மோட்டாரை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்!

மால் பார்க்கிங்கின் நுழைவாயில். டிக்கெட் வாங்க ஸ்விட்சை அழுத்தினால் கண்ணாடி சர்ரென்று இறங்கிவிடுகிறது. ஏற்றும்போதுதான் வம்பு. பாதி தூரம் வந்து நிற்கிறது, முனகுகிறது, ஒரு பக்கம் சாய்கிறது, பிறகு மனசு வந்து மெல்ல மேலே போகிறது. பின்னால் ஹாரன் சத்தம். ஒரு கையால் ஸ்விட்சை அழுத்திக்கொண்டே இன்னொரு கையால் கண்ணாடியைத் தூக்கிவிடும் வித்தையைப் பழைய கார் வைத்திருக்கும் பலரும் தானாகவே கற்றுக்கொண்டிருப்பார்கள்.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் அடிக்கடி கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “மோட்டார் வீக் சார், மாத்திடலாம்.” மாற்றியும் விடுகிறார்கள். சில மாதங்களில் புது மோட்டாரும் அதே மாதிரி முனக ஆரம்பிக்கிறது. ஏன்? கண்ணாடி மெதுவாக ஏறினாலே மோட்டார் போச்சு என்று அர்த்தமில்லை. பல நேரங்களில் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. அதற்கான தண்டனையை மோட்டார் அனுபவித்துக்கொண்டிருக்கிறது.

கதவுக்குள் என்ன நடக்கிறது?

கதவின் உள்பக்கம் இருக்கும் டோர் பேடைக் கழற்றினால் மூன்று விஷயங்கள் தெரியும். முதலாவது, 12 வோல்ட்டில் ஓடும் சின்ன மோட்டார். இரண்டாவது, அந்தச் சுழற்சியைக் கண்ணாடியைத் தூக்கும் அசைவாக மாற்றும் ‘விண்டோ மெஷின்’. சில கார்களில் இது கத்தரி போல விரிந்து மடங்கும் இரும்புக் கைகளாக இருக்கும். சில கார்களில் மெல்லிய ஸ்டீல் கேபிள் கண்ணாடியை மேலும் கீழும் இழுக்கும். மூன்றாவது, கண்ணாடியின் இரு ஓரமும் வழுக்கிக்கொண்டு போகும் ரப்பர் சேனல்.

யாரும் கண்டுகொள்ளாதது இந்த மூன்றாவதைத்தான். வெயிலில் நிற்கும் காரில் ரப்பர் வருடக்கணக்கில் காய்ந்து விறைத்துப்போகிறது. ரோட்டுப் புழுதியும் மழைநீரில் வரும் சேறும் சேனலுக்குள் படிந்து, உப்புத்தாள் மாதிரி ஆகிவிடுகிறது. கண்ணாடி வழுக்கிப் போக வேண்டிய இடத்தில் உரசிப் போகிறது. இறங்கும்போது கண்ணாடியின் எடையே உதவுவதால் வித்தியாசம் தெரியாது. ஏறும்போது அந்த எடையையும் உரசலையும் சேர்த்து மோட்டார் இழுக்க வேண்டும்.

இங்கிருந்துதான் சங்கிலித் தொடர் ஆரம்பிக்கிறது. சாதாரணமாக ஓடும்போது ஒரு விண்டோ மோட்டார் சுமார் 5 முதல் 10 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். உரசல் கூடினால் அதுவும் கூடும். அந்த மின்சாரம் மொத்தமும், ரிலே இல்லாத பழைய கார்களில், உங்கள் விரலுக்குக் கீழே இருக்கும் சின்ன ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது.

சின்னக் கணக்கு ஒன்று. ஸ்விட்சின் தொடுமுனையில் கரி படிந்து, வெறும் 0.2 ஓம் மின்தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் ஓடும்போது அங்கேயே 2 வோல்ட் போய்விடும். 12 வோல்ட்டுக்குப் பதில் 10 வோல்ட்தான் மோட்டாருக்குக் கிடைக்கும். வோல்டேஜ் குறைந்தால் இந்த வகை மோட்டாரின் வேகமும் குறையும். தொலைந்த 2 வோல்ட் சும்மா போவதில்லை. ஸ்விட்சுக்குள் 20 வாட் சூடாக மாறுகிறது. அந்தச் சூடு தொடுமுனையை மேலும் கருக்குகிறது.

ஆக, அழுக்கு ரப்பரில் ஆரம்பித்த விஷயம் ஸ்விட்சை எரித்து, மோட்டாரைச் சூடாக்கி, கேபிளை இழுத்து, கடைசியில் முழு செட்டையும் மாற்றும் செலவில் முடிகிறது. சீக்கிரம் பார்த்தால் இது துணியும் ஸ்ப்ரேயும் கொண்டு முடிகிற வேலை.

எங்கே கோளாறு? ஐந்து நிமிடச் சோதனை

எதையும் கழற்றாமல், காரில் உட்கார்ந்தபடியே பாதி பதிலைக் கண்டுபிடித்துவிடலாம்.

1. ஒரு கண்ணாடியா, நான்குமா? நான்கும் மந்தமாக இருந்தால் கதவுகளை விட்டுவிடுங்கள். பேட்டரி, ஆல்டர்னேட்டர், பேட்டரி டெர்மினல், பொதுவான எர்த் வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மந்தம் என்றால் அந்தக் கதவில்தான் விஷயம்.

2. இன்ஜின் ஓடும்போது எப்படி? இன்ஜின் ஆஃப் நிலையில் நல்ல பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட் இருக்கும். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி வரும். அதனால் கண்ணாடி கொஞ்சம் வேகமாக ஏறுவது இயல்பு. ஆனால் இன்ஜின் ஆஃபில் அசையவே இல்லை, ஆனில் மட்டும் ஏறுகிறது என்றால் பேட்டரியையும் இணைப்புகளையும் சந்தேகப்படலாம்.

3. நேரம் எத்தனை? போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் கண்ணாடி முழுதாக ஏற நான்கைந்து நொடிதான் ஆகும். அதைவிடச் சிறந்த அளவுகோல் உங்கள் காரிலேயே இருக்கிறது: இடது முன் கண்ணாடியை வலது முன் கண்ணாடியோடு ஒப்பிடுங்கள்.

4. என்ன சத்தம்? மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, கண்ணாடி அசையவில்லை என்றால் கேபிள் அறுந்திருக்கலாம் அல்லது கண்ணாடியைப் பிடிக்கும் கிளிப் உடைந்திருக்கலாம். ‘கடகட’வென்று அரைத்தால் கேபிள் பிரிந்து சிக்குகிறது அல்லது பல் தேய்ந்துவிட்டது. சத்தமே இல்லை என்றால் மின்சாரம் போகவில்லை அல்லது மோட்டார் உள்ளே நின்றுவிட்டது.

5. உள்ளே லைட் மங்குகிறதா? சத்தமே வராத கண்ணாடிக்கு இது பழைய மெக்கானிக்குகளின் வைத்தியம். இன்ஜின் ஓடாமல், காருக்குள் இருக்கும் விளக்கைப் போட்டுவிட்டு ஸ்விட்சை அழுத்துங்கள். விளக்கு லேசாக மங்கினால் மின்சாரம் மோட்டார் வரை போகிறது, ஏதோ சிக்கியிருக்கிறது. மங்கவே இல்லை என்றால் வழியிலேயே எங்கோ அறுந்திருக்கிறது.

6. கதவைத் தட்டினால் ஓடுகிறதா? ஸ்விட்சை அழுத்தியபடி டோர் பேடில் கையால் இரண்டு தட்டு தட்டும்போது மோட்டார் ‘கிர்’ரென்று உயிர் பெற்றால், அதற்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். இந்த மோட்டாருக்குத்தான் உண்மையிலேயே மாற்று வேண்டும்.

7. கதவைத் திறந்தால் ஓடி, மூடினால் நிற்கிறதா? கதவுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய் தெரியும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதற்குள் இருக்கும் வயர்கள் மடங்கி நிமிரும். வருடக்கணக்கில் மடங்கி, உள்ளேயே ஒடிந்துபோயிருக்கும். டிரைவர் கதவில் இது சகஜம்.

பக்கத்து சீட் அல்லது பின் சீட் கண்ணாடி என்றால், டிரைவர் பக்க ஸ்விட்சிலும் அந்தக் கதவு ஸ்விட்சிலும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒன்றில் வேலை செய்து மற்றதில் செய்யாவிட்டால் ஸ்விட்ச்தான் குற்றவாளி. அதற்கு முன், டிரைவர் பக்கம் இருக்கும் விண்டோ லாக் பட்டன் அழுத்தியபடி இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. ஒர்க்‌ஷாப் வரைக்கும் போய் அசடு வழியாமல் இருக்கலாம்.

முதல் வைத்தியம்: சேனலைச் சுத்தம் செய்வது

கண்ணாடி ஏறுகிறது, ஆனால் திணறுகிறது என்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கண்ணாடியை முழுதாக இறக்குங்கள். பழைய டூத் பிரஷ் அல்லது ஐஸ்கிரீம் குச்சியில் துணியைச் சுற்றி, லேசான சோப்பு நீரில் நனைத்து, இரு பக்கச் சேனலையும் மேல் பக்கத்தையும் துடையுங்கள். துணி கறுப்பாக வரும். கறுப்பு நிற்கும்வரை துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

பிறகு, கார் அக்சஸரி கடைகளில் கிடைக்கும் சிலிக்கோன் ஸ்ப்ரேயை அதனுடன் வரும் மெல்லிய குழாய் வழியாகச் சேனலுக்குள் அடியுங்கள். கண்ணாடியை ஐந்தாறு முறை மேலும் கீழும் ஓட்டிவிட்டு, கண்ணாடியில் பட்டதைத் துடைத்துவிடுங்கள். மறுபடி ஸ்டாப்வாட்ச். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும் கார்கள் நிறைய.

இன்ஜின் ஆயில், கிரீஸ், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். ஒரு வாரம் சூப்பராக ஓடும். அப்புறம் எண்ணெயில் புழுதி ஒட்டிக்கொள்ளும், பெட்ரோலியம் எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிப்போகும். ரப்பர் கிழிந்திருந்தாலோ சுருங்கியிருந்தாலோ சுத்தம் செய்து பயனில்லை. புதுச் சேனல் ரப்பர் போடுவதுதான் வழி. கண்ணாடியில் ஒட்டிய ஃபிலிமின் ஓரம் உரிந்து சேனலில் சுருண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்து: ஸ்விட்சும் ஃபியூஸும்

சேனல் சரி, ஆனாலும் மந்தம் என்றால் அடுத்த சந்தேகம் ஸ்விட்ச். ஜன்னல் திறந்திருக்கும்போது தெறிக்கும் மழை, கையிலிருந்து சிந்தும் டீ எல்லாம் இறங்குவது டிரைவர் பக்க ஸ்விட்ச் பேனலுக்குள்தான். ஸ்விட்சைக் கழற்றி, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பல நேரம் உயிர் வரும். தொடுமுனை உருகியிருந்தால் புதுசு போடுவதே நல்லது. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனால், ஸ்விட்சை அழுத்தும்போது மோட்டார் பிளக்கில் எத்தனை வோல்ட் வருகிறது என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரியில் 12.5 இருந்து மோட்டாரில் 10 மட்டும் வந்தால், புது மோட்டார் வாங்குவது வீண் செலவு.

ரிலே இல்லாத பழைய கார்களில், பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு ஒரு வயர் எடுத்து ரிலே வழியாக மோட்டாருக்குக் கொடுப்பது நல்ல தீர்வு. மின்சாரத்தின் பாரம் ரிலேவுக்குப் போகும். ஸ்விட்ச் வெறும் கட்டளை மட்டும் கொடுக்கும்.

ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும். பெரிய ஃபியூஸ், செப்புக் கம்பி, சிகரெட் பாக்கெட் ஃபாயில் போன்ற ‘அட்ஜஸ்ட்மென்ட்’கள் வயரையே எரித்துவிடும்.

மோட்டாரே போயிருந்தால்?

மாற்றித்தான் ஆக வேண்டும். சென்னையில் புது பாகங்களுக்கு ஜி.பி. ரோடு, பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை என்று கார்க்காரர்களுக்குத் தெரியும். இடது கதவு மோட்டார் வலது கதவுக்குப் பொதுவாகப் பொருந்தாது. அதனால் பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. பழையது வாங்கினால், கடையிலேயே 12 வோல்ட் பேட்டரியில் இரு திசையிலும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கேபிள் வகையில் கேபிளும் தேய்ந்திருந்தால் மோட்டாரோடு முழு செட்டாக மாற்றுவதே லாபம்.

நீங்களே கழற்றப் போகிறீர்கள் என்றால் மூன்று எச்சரிக்கைகள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். கண்ணாடியை மேலேற்றி, கதவின் மேல் விளிம்போடு அகலமான டேப்பால் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் அது கில்லட்டின் மாதிரி விழும். கத்தரி வகை மெஷினில் முறுக்கேறிய ஸ்பிரிங் இருக்கலாம். பல் சக்கரத் தகட்டை அசையாமல் பிணைக்காமல் மோட்டாரைக் கழற்றினால் அந்தக் கைகள் சட்டென்று பாயும், விரல் போய்விடும். இந்த வகையை மெக்கானிக்கிடமே விடுவது உத்தமம்.

வேலை முடிந்ததும் டோர் பேடுக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் ஷீட்டைத் திரும்ப ஒட்டினார்களா என்று பாருங்கள். “அது தேவையில்ல சார்” என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். அடுத்த மழையில் தண்ணீர் காருக்குள் வரும்.

பாதியில் நின்று, மழையும் வந்துவிட்டால்?

ஸ்விட்சைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். பல மோட்டார்களில், அதிகம் சூடானால் தானாக நின்றுவிடும் பாதுகாப்பு இருக்கிறது. சில நிமிடம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்விட்சை அழுத்த, இன்னொருவர் இரு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை உள்ளும் வெளியும் பிடித்து நேராக மேலே தூக்க வேண்டும். விரல்களை மேல் விளிம்புக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம். ஏறியதும், ரிப்பேர் ஆகும்வரை அதைத் தொடவே வேண்டாம்.

வெறும் வசதி அல்ல

“ஏசி இருக்கே, கண்ணாடி எதுக்கு இறக்கணும்?” என்று தள்ளிப்போடுபவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். மழைக்காலத்தில் சென்னை சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்குவது புதிதல்ல. கார்களை நீரில் இறக்கிச் சோதித்த கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்வது: தண்ணீரில் விழுந்த காரிலிருந்து தப்ப முதல் ஒரு நிமிடம்தான் முக்கியம். சீட் பெல்ட்டைக் கழற்று, ஜன்னலைத் திற, குழந்தைகளை முதலில் வெளியேற்று, நீயும் வெளியேறு. தண்ணீர் ஜன்னல் உயரத்துக்கு வந்தபின் அதன் அழுத்தம் கண்ணாடியைச் சேனலோடு அழுத்திப் பிடிக்கும். நல்ல நாளிலேயே திணறும் கண்ணாடி அன்றைக்கு என்ன செய்யும்?

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னொரு விஷயம். தடை பட்டால் தானாகக் கீழிறங்கும் வசதி பழைய கார்களில் பெரும்பாலும் கிடையாது. மேலே தூக்கினால் மட்டும் ஏறும் ஸ்விட்ச் புதிய கார்களில் வந்திருக்கிறது. பழைய மாடல்களில் இருக்கும் சீசா மாதிரியான ஸ்விட்ச், ஜன்னலில் எட்டிப் பார்க்கும் குழந்தையின் முழங்கால் பட்டாலே கண்ணாடியை ஏற்றிவிடும். ரிப்பேர் முடிந்து வேகம் திரும்பிய கண்ணாடி, அதே வேகத்தில் விரலையும் நசுக்கும். பிள்ளைகள் பின்னால் இருந்தால் விண்டோ லாக்கைப் போட்டுவிடுங்கள், இறங்கும்போது சாவியை எடுத்துவிடுங்கள்.

அடுத்த முறை காரைக் கழுவும்போது நான்கு கண்ணாடியையும் ஒருமுறை ஏற்றி இறக்கி, நேரம் பாருங்கள். ஒன்று மட்டும் பின்தங்கினால், அன்றைக்கே துணியையும் பிரஷையும் எடுங்கள். அது முனகும்போதே கவனித்தால் மோட்டார் பிழைக்கும்.