மாதம் 499 ரூபாய்... கேம் சந்தா உங்கள் வீட்டுக்குத் தேவையா?

கன்சோல் வாங்கிக் கொடுத்தாகிவிட்டது, இனி செலவில்லை என்று பெற்றோர் நிம்மதியாக உட்காரும்போதுதான் அடுத்த கோரிக்கை வரும். “அப்பா, பிளஸ் போட்டுக் கொடுங்க!” “அம்மா, கேம் பாஸ் இருந்தா எல்லா கேமும் ஃப்ரீ!”

பிளஸ், பாஸ் என்று எந்தப் பெயரில் வந்தாலும் இது சந்தாதான். ஒரு புதிய பிஎஸ்5 கேம் 4,999 ரூபாய்க்கு விற்கும்போது, மாதம் சில நூறு ரூபாயில் நூற்றுக்கணக்கான கேம்கள் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால், ‘எல்லாம் ஃப்ரீ’ என்பதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொண்டு பணம் கட்டினால், வருடத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகும்.

சொந்தமல்ல, வாடகை!

ஒரு காலத்தில் தெருமுனை லெண்டிங் லைப்ரரியில் மாதச் சந்தா கட்டிக் கதைப் புத்தகங்கள் எடுத்து வந்தோம் அல்லவா? அதே கதைதான். சந்தா இருக்கும் வரை எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். நிறுத்திவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இன்னொரு விஷயமும் உண்டு. அலமாரியில் இருக்கும் கேம், சந்தா கட்டிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகலாம். ‘ஜிடிஏ 5’ கேம் பாஸில் பலமுறை வந்து போயிருக்கிறது. பிளஸ் பட்டியலில் 2023 டிசம்பரில் சேர்ந்து, 2024 ஜூனில் வெளியேறியது. கேம் தயாரித்த நிறுவனத்துடன் போட்ட ஒப்பந்தம் முடிந்தால், கேமும் கிளம்பிவிடும். பாதி ஆடிக்கொண்டிருந்தவர்கள், தொடர வேண்டுமென்றால் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அந்த கேமுக்காகத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிய கூடுதல் பகுதிகளும், அசல் கேம் இல்லாமல் திறக்காது.

பிளேஸ்டேஷன் பிளஸ்

2010-ல் தொடங்கிய இந்தச் சேவையை, 2022-ல் சோனி மூன்று படிகளாகப் பிரித்தது. இந்தியாவில் அவை எசென்ஷியல், எக்ஸ்ட்ரா, டீலக்ஸ். அப்போது அறிவித்த மாதக் கட்டணம் முறையே 499, 749, 849 ரூபாய். 2023 செப்டம்பரில் ஆண்டுச் சந்தாவை மட்டும் உயர்த்தி, 3,949, 6,699, 7,589 ரூபாய் ஆக்கினார்கள்.

எசென்ஷியலில் இரண்டு முக்கியப் பலன்கள். நண்பர்களுடன் ஆன்லைனில் சேர்ந்து ஆடலாம். மாதந்தோறும் சில கேம்கள் கிடைக்கும். அந்த கேம்களை உங்கள் கணக்கில் ஒருமுறை சேர்த்துவிட்டால், சந்தா இருக்கும் வரை அவை போகாது. எக்ஸ்ட்ராவில் நூற்றுக்கணக்கான பிஎஸ்4, பிஎஸ்5 கேம்கள் கொண்ட பெரிய அலமாரி திறக்கும். டீலக்ஸில் பழைய பிளேஸ்டேஷன் கேம்களும், சில புதிய கேம்களைக் கொஞ்ச நேரம் ஆடிப் பார்க்கும் வசதியும் கூடுதல்.

ஒன்றைக் கவனியுங்கள். சோனி தன் பெரிய கேம்களை வெளியாகும் நாளிலேயே பிளஸ்ஸில் தருவதில்லை. ‘ஸ்பைடர்மேன்’ புதிதாக வரும் அன்றே ஆட வேண்டும் என்று பிள்ளை சொன்னால், சந்தா இருந்தாலும் தனியாக வாங்கத்தான் வேண்டும்.

எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ்

2017-ல் வந்த கேம் பாஸின் பெரிய கவர்ச்சியே, மைக்ரோசாஃப்டின் சொந்த கேம்கள் வெளியாகும் நாளிலேயே அதில் கிடைக்கும் என்பதுதான். ‘கால் ஆஃப் டூட்டி’யை வெளியிடும் ஆக்டிவிஷன் பிலிசார்டை 2023-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. மறுவருடம் ‘பிளாக் ஆப்ஸ் 6’ முதல் நாளே கேம் பாஸுக்கு வந்தது.

அதற்கான விலையும் பின்னாலேயே வந்தது. 2025 அக்டோபரில் படிகளின் பெயர்களை எசென்ஷியல், பிரீமியம், அல்டிமேட் என்று மாற்றினார்கள். இந்தியாவில் அப்போது அறிவித்த மாதக் கட்டணம் 499, 699, 1,389 ரூபாய். அதற்கு முன்பு அல்டிமேட் 829 ரூபாய்தான். எசென்ஷியலில் 50-க்கு மேல், பிரீமியத்தில் 200-க்கு மேல், அல்டிமேட்டில் 400-க்கு மேல் கேம்கள் என்பது நிறுவனம் சொன்ன கணக்கு. முதல் நாளே புது கேம் என்ற சலுகை அல்டிமேட்டுக்குத்தான்.

1,389 ரூபாயை 12-ஆல் பெருக்குங்கள்... 16,668 ரூபாய்! அதே பணத்தில் மூன்று புது கேம்களை முழு விலைக்கு வாங்கிவிடலாம். அவை வீட்டிலேயே இருக்கும்.

நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன்

2018-ல் தொடங்கிய இதுதான் மூன்றிலும் மலிவு. அமெரிக்காவில் ஒருவருக்கு ஆண்டுக்கு 20 டாலர். குடும்பச் சந்தா 35 டாலர். 8 கணக்குகள் வரை சேரலாம். ஆன்லைன் ஆட்டத்தோடு, 80-களிலும் 90-களிலும் வந்த பழைய நிண்டெண்டோ கேம்களும் கிடைக்கும். ஆனால், நிண்டெண்டோ இந்தியாவில் அதிகாரபூர்வமாகக் கடை விரிக்கவில்லை. இங்கு ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் வெளிநாட்டு ஸ்டோரில்தான் சந்தா வாங்க வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ மாமா வாங்கி வரும் கன்சோலுக்கு, இதையும் யோசித்துவிட்டு ‘சரி’ சொல்லுங்கள்.

சந்தாவே வேண்டாத கேம்கள்

பல பெற்றோருக்குத் தெரியாத விஷயம் இது. ‘ஃபோர்ட்நைட்’, ‘ராக்கெட் லீக்’, ‘இஃபுட்பால்’, ‘கால் ஆஃப் டூட்டி: வார்ஸோன்’ போன்ற இலவச கேம்களை ஆன்லைனில் ஆட, பிளேஸ்டேஷனில் பிளஸ் தேவையில்லை. எக்ஸ்பாக்ஸிலும் 2021 ஏப்ரல் முதல் இலவச கேம்களுக்குச் சந்தா கட்டாயம் இல்லை. உங்கள் பிள்ளை ஆடுவது இவற்றை மட்டும்தான் என்றால், நீங்கள் கட்டும் சந்தா வீண்.

தனியாகக் கதையோடு ஆடும் கேம்களுக்கும், அண்ணனும் தங்கையும் ஒரே டி.வி முன்னால் உட்கார்ந்து ஆடும் கேம்களுக்கும்கூடச் சந்தா அவசியமில்லை. காசு கொடுத்து வாங்கிய கேமில், வேறு வீட்டில் இருக்கும் நண்பனோடு இணையம் வழியாக ஆடும்போதுதான் பெரும்பாலும் அது தேவைப்படும்.

உங்கள் பிள்ளை எந்த ரகம்?

இதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும்: “கடந்த ஆறு மாசத்துல எத்தனை கேம் ஆடின?”

ஒன்றிரண்டு என்றால், அவர் ஒரே கேமைக் கட்டிக்கொண்டு ஆடும் ரகம். வருடம் முழுக்க ஃபுட்பால் மட்டும் ஆடுபவருக்கு 400 கேம் அலமாரி எதற்கு? அந்த கேமை வாங்கிக் கொடுங்கள். ஆன்லைனில் நண்பர்களோடு ஆட எசென்ஷியல் போதும். டிஸ்க் போடும் கன்சோல் என்றால் டிஸ்க்காக வாங்குங்கள். அலுத்துவிட்டால் விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். சந்தாவில் ஆடிய கேமை யாரிடம் விற்க முடியும்?

பத்துக்கு மேல் என்றால், அவர் எல்லாவற்றையும் ருசி பார்க்கும் ரகம். எக்ஸ்ட்ராவோ பிரீமியமோ இவருக்கு லாபம். பத்து கேம்களைத் தனித்தனியாக வாங்கினால் ஆகும் செலவை நினைத்தால், 6,699 ரூபாய் பெரிதில்லை.

பரீட்சை நாள்களில் கன்சோலைத் தொடாமல், லீவில் மட்டும் ஆடுபவர் மூன்றாவது ரகம். இவருக்கு ஆண்டுச் சந்தா வேண்டாம். கோடை விடுமுறையின் இரண்டு மாதங்களுக்கு மட்டும் எக்ஸ்ட்ரா போட்டால், 749 கணக்கில் 1,498 ரூபாயோடு முடிந்துவிடும்.

பணம் கட்டும் முன்...

* ஒரு கன்சோலுக்கு ஒரு சந்தா போதும். பிஎஸ்5-ல் ‘கன்சோல் ஷேரிங்’, எக்ஸ்பாக்ஸில் ‘ஹோம் எக்ஸ்பாக்ஸ்’ என்ற அமைப்பை ஆன் செய்தால், அதே கன்சோலில் இருக்கும் மற்ற பிள்ளைகளும் பலனைப் பயன்படுத்தலாம். இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு சந்தா வாங்கிவிடாதீர்கள்.

* ஆட்டோ ரெனியூவலை முதல் நாளே ஆஃப் செய்யுங்கள். கட்டிய காலம் முடியும் வரை சந்தா ஓடும். கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த எஸ்.எம்.எஸ்-ஸை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

* அலமாரி திறந்தால் எல்லா வயதுக்கான கேம்களும் வந்துவிடும். ஜிடிஏ 5-க்கு ஐரோப்பிய மதிப்பீடு 18 வயது. பிள்ளையின் கணக்கை அவருடைய உண்மையான வயதில் தொடங்கி, வயது வரம்பையும் செலவு வரம்பையும் பேரன்டல் கன்ட்ரோலில் போட்டுவையுங்கள். இலவச கேம்களுக்கு இது இன்னும் அவசியம். உள்ளே போனபின் உடை, ஆயுதம் என்று காசு கேட்பவை அவைதான்.

* பெரிய கேம்கள் 100 ஜிபி-யைத் தாண்டும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-ன் அடிப்படை மாடலில் இருப்பதே 512 ஜிபி. அதிலும் ஒரு பகுதி சிஸ்டத்துக்கே போய்விடும். நானூறு கேம் இருந்தாலும், ஒரே நேரத்தில் சில பெரிய கேம்களைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

கட்டணங்கள் அடிக்கடி மாறுபவை. அதனால் ஸ்டோரில் அன்றைய விலையைப் பார்த்துவிட்டு, முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் போடுங்கள். மாத முடிவில், எந்தெந்த கேம் ஆடினார் என்று பிள்ளையையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஆண்டுச் சந்தா வேண்டுமா, ஒரே ஒரு டிஸ்க் போதுமா என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.