நம்மைப் பற்றிய ஆய்வு நம் கைக்கு வருமா?

பஞ்சமி நிலத்தை மீட்க மனு எழுதுகிறவர்கள் தவறாமல் குறிப்பிடுவது 1892-ஆம் ஆண்டு அரசாணையை. அந்த ஆணைக்கு வழி செய்தது ஓர் ஆய்வறிக்கை. செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்கள் நிலமின்றிக் கிடந்த நிலையை விசாரித்து, 1891-இல் அரசுக்கு எழுதியது அது. நூறாண்டு கழித்து, 1994-இல் காரணையில் நில மீட்புப் போராட்டம் வெடித்தபோதும், இன்று வட்டாட்சியர் அலுவலகப் படி ஏறும்போதும் துணைக்கு வருபவை அந்தப் பழைய காகிதங்கள்தான். ஆய்வைப் படிக்க முடிந்தவர்தான் அதைச் சான்றாக நீட்ட முடியும்.

இன்றும் சேரிக்கும் காலனிக்கும் ஆய்வாளர்கள் வருகிறார்கள். எத்தனை சென்ட் நிலம், எவ்வளவு கடன், டீக்கடையில் தனி டம்ளர் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். மக்களும் வேலையைப் போட்டுவிட்டுப் பதில் சொல்கிறார்கள். அந்தப் பதில்களில் பல, வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆய்விதழ்களில் போய் அடைந்துவிடுகின்றன. இணையத்தில் தலைப்பும் சுருக்கமும் மட்டும் தெரியும். முழுக் கட்டுரைக்குப் பல இதழ்கள் 30 டாலருக்கு மேல் கேட்கின்றன. அதாவது 2,500 ரூபாய்க்கு மேல். 2025-26-இல் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். பதில் சொன்னவர் தன்னைப் பற்றி எழுதியதைப் படிக்க ஏழு நாள் கூலியும் போதாது. இத்தனைக்கும் அந்த ஆய்வுகளில் பலவும் அரசுப் பணத்தில், அதாவது மக்கள் வரிப்பணத்தில் நடப்பவை.

ஒரே சந்தா யாருக்கு?

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை 3 ஆண்டுகளுக்கு ஒதுக்கீடு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை 6,300-க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களில் இருப்பவர்கள் படிக்கலாம். சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவருக்கும் ஐ.ஐ.டி. மாணவருக்கும் ஒரே அலமாரி என்பது வரவேற்க வேண்டியதே.

ஆனால், முதல் கட்டத்தில் தனியார் சுயநிதிக் கல்லூரிகள் சேரவில்லை. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை நம்பி அங்கே படிக்கும் முதல் தலைமுறைத் தலித் மாணவர்கள் ஏராளம். படிப்பை முடித்து ஊர் திரும்பியவருக்கும், வன்கொடுமை வழக்கு நடத்தும் வழக்கறிஞருக்கும், கிராம நூலக வாசகருக்கும் இதில் இடமில்லை.

அரசு நிதியில் நடந்த ஆய்வை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைப்பதுதான் நேர்வழி. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம், தன் நிதியில் எழுதிய கட்டுரைகளை ஓராண்டுக்குள் பொதுத் தளத்தில் வைக்க வேண்டும் என்று 2008-லேயே கட்டாயமாக்கியது. 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளுக்கு அந்த அவகாசமும் இல்லை. நம் நாட்டின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் இத்தகைய கொள்கையை வெளியிட்டன. நிலம், கூலி, சாதி பற்றிய ஆய்வுகளோ பெரும்பாலும் வேறு அமைப்புகளின் நிதியில் நடப்பவை. அவற்றுக்கும் இதே விதி வேண்டும்.

இருப்பதை எடுப்போம்

மகாத் நகரின் சவுதார் குளத்தை எல்லோருக்கும் பொதுவாக்கி நகராட்சி 1924-இல் தீர்மானம் போட்டது. அது காகிதத்திலேயே கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மக்களைத் திரட்டிச் சென்று அந்த நீரை அள்ளிக் குடித்தார். அதன் பிறகும் வழக்கு 10 ஆண்டு இழுத்து, 1937-இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வெற்றி கிடைத்தது. அறிவுக் குளத்துக்கும் இது பொருந்தும். இன்றே திறந்திருக்கும் துறைகளில் நாம் இறங்க வேண்டும்.

'சோத்கங்கா' தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. கட்டணமில்லை, இயல் இயலாகப் பதிவிறக்கலாம், தமிழில் எழுதியவையும் உண்டு. மகாராஷ்டிர அரசு பதிப்பித்த அம்பேத்கரின் ஆங்கில எழுத்துத் தொகுதிகள் வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் இலவசம். பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. பூட்டிய கட்டுரை என்றால், அதை எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பிப் பிரதி கேட்கலாம், பலரும் மறுப்பதில்லை.

அரசுக் கல்லூரி மாணவர்கள், ஒரே சந்தாவில் தங்கள் கல்லூரி இணைந்துவிட்டதா என்று நூலகரிடம் கேளுங்கள். இணைந்தும் கடவுச்சொல் தரப்படவில்லை என்றால், முதல்வரிடம் எழுதிக் கொடுங்கள். கணக்கெடுக்க ஆய்வாளர் ஊருக்கு வந்தால், ஆய்வு முடிந்ததும் அதன் பிரதியும் தமிழ்ச் சுருக்கமும் ஊர் நூலகத்துக்கு வர வேண்டும் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.