பழைய பாடல் எது? வானொலியும் முதிய நேயரும்

வானொலியில் ‘பழைய பாடல்கள்’ என்று அறிவிக்கப்பட்டவுடன் நாம் அனைவரும் ஒரே காலத்தை நினைப்பதில்லை. எண்பது வயதுப் பாட்டி எதிர்பார்க்கும் பாடல் ஒன்று. ஐம்பது வயது ஆசிரியர் எதிர்பார்ப்பது வேறொன்று. பதினேழு வயது மாணவருக்கோ இருவர் கேட்பதும் பழையனவே. சொல் மாறாதிருக்க, அது சுட்டும் பொருள் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்காரணம் மனித நினைவின் இயல்பு. முதியவர்களிடம் அவர்தம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான காலத்து நிகழ்ச்சிகளே மிகுதியாக வெளிப்படுகின்றன என்று உளவியலார் கண்டுள்ளனர். இசைக்கும் இது பொருந்தும். ஆகவே, பழைய பாடல் நிகழ்ச்சி பாடலின் வயதை அளந்து அமைக்கப்படுவதன்று. நேயரின் இளமையை அளந்து அமைக்கப்படுவது.

இரண்டாவது காரணம் வணிகம். அமெரிக்க வானொலியில் விளம்பரதாரர்கள் பெரிதும் விரும்பும் நேயர்கள் 25 முதல் 54 வயதுக்கு உட்பட்டவர்கள். ஒருவர் 55 வயதைத் தாண்டினால் அவர் வானொலி கேட்பது நிற்பதில்லை; ஆனால் அவர் கேட்பதால் நிலையத்திற்கு வரும் வருமானம் குறைகிறது.

இதற்கு நியூயார்க் நகரின் டபிள்யூ.சி.பி.எஸ். பண்பலை நல்ல சான்று. 1972ஆம் ஆண்டு ஜூலை மாதம் அது பழைய பாடல்களுக்கான நிலையமாக மாறியது. அன்று 30 வயதினராக இருந்த நேயருக்கு, எல்விஸ் பிரெஸ்லி நாடெங்கும் புகழ்பெற்ற 1956ஆம் ஆண்டில் வயது 14. 2005ஆம் ஆண்டிலோ அதே நேயருக்கு வயது 63. அவ்வாண்டு ஜூன் மாதம் நிலையம் திடீரென வேறு இசை வடிவத்திற்கு மாறியது, நேயர்கள் கொதித்தெழுந்தனர். 2007ஆம் ஆண்டு ஜூலையில் பழைய பாடல்கள் மீண்டன. ஆனால், மீண்டவை பெரிதும் 1964 முதல் 1989 வரை வெளிவந்தவை. நிலையத்தின் பெயர் திரும்பிவந்தது. ஐம்பதுகளின் பாடல்கள் பெரும்பாலும் திரும்பவில்லை.

மற்றொரு வழியும் உண்டு. நிலையம் ஒரே தலைமுறையோடு தானும் முதுமையடையலாம். பிக் பேண்ட் குழுக்களின் இசையையும் அக்காலப் பாடகர்களையும் நம்பி நடந்த அமெரிக்க நிலையங்கள் பல அவ்வாறே செய்தன. அத்தலைமுறை மறைய மறைய, அந்நிலையங்களும் அருகின. பிரிட்டனில் 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய ‘பூம் ரேடியோ’, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த தலைமுறையினருக்கென்றே அமைந்தது. மற்ற நிலையங்கள் இளையோரை நோக்கி நகர்ந்ததால் உண்டான வெற்றிடமே அதற்கு வழிவிட்டது எனலாம்.

இனி, நம் தமிழ்ப் பாடல்களுக்கு வருவோம். ‘ஹரிதாஸ்’ வெளிவந்தது 1944. இளையராஜா இசையமைப்பாளராக அறிமுகமான ‘அன்னக்கிளி’ வெளிவந்தது 1976. இடைவெளி 32 ஆண்டுகள். ‘அன்னக்கிளி’யைக் கேட்டு மகிழ்ந்த இளைஞர்களுக்குத் தியாகராஜ பாகவதர் தாத்தா காலத்துப் பாடகர். ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த முதல் திரைப்படமான ‘ரோஜா’ வெளிவந்தது 1992. 2024ஆம் ஆண்டிலேயே அதற்கும் 32 வயது நிரம்பிவிட்டது. நம்மில் பலர் ‘புதிய இசை’ என்று இன்னும் எண்ணிக்கொண்டிருப்பது, நம் மாணவர்களுக்குப் பாகவதர் காலத் தொலைவில் நிற்கிறது.

நியூயார்க்கில் ஒரு நிலையம் கைவிட்டதை மற்றொன்றில் தேடலாம். சிங்கப்பூரில் தமிழுக்கென உள்ள வானொலி நிலையம் ‘ஒலி 96.8’ ஒன்றே. பாட்டியும் பேரனும் அந்த ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். எனவே, இங்கே தலைமுறைகள் நிலையத்தால் பிரிவதில்லை, நேரத்தால் பிரிகின்றன. நாளுக்கு இருபத்து நான்கு மணி நேரந்தான். பழைமையின் எல்லை ஒவ்வொரு பத்தாண்டும் முன்னகரும்போது, அதன் தொடக்கத்திலுள்ள பாடல்களுக்கு இடம் சுருங்குவது இயல்பு.

இதில் மொழி ஆசிரியர்களாகிய நமக்கு என்ன கவலை? பாடலோடு அக்காலத் தமிழும் ஒலிக்கிறது என்பதே. ‘ஹரிதாஸ்’ பாடல்களை இயற்றிய பாபநாசம் சிவனின் தமிழ், வடசொற்களும் கருநாடக இசை மரபும் கலந்தது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் தமிழ் உழைப்பாளரின் எளிய சொற்களால் ஆனது. ‘அன்னக்கிளி’யில் பஞ்சு அருணாசலம் சிற்றூரின் மணத்தைக் கொண்டுவந்தார். இவை மூன்றும் மூன்று காலத்தின் தமிழ். அச்சில் இவற்றைப் படிக்கலாம். ஆனால் றகர ரகரமும் ழகரமும் தெளிய, சொல் சொல்லாக உச்சரிக்கும் குரலைக் காதால் கேட்டால்தான் ஒலிப்பு மனத்தில் பதியும்.

இணையத்தில் எல்லாப் பாடலும் கிடைக்கின்றனவே என்று மாணவர் கேட்கலாம். உண்மைதான். ஆனால், பெயர் தெரிந்த பாடலைத்தான் அங்கே தேட முடியும். தேடாத பாடலையும் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தது வானொலி. சமையலறையில் பாட்டி கேட்ட பாடல், பக்கத்து அறையில் பாடம் படித்த பேரனின் காதிலும் விழுந்தது.

வானொலி நிலையத்தாரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. காலத்தோடு நகராத நிலையம் நேயரை இழக்கும். நாம் செய்யத்தக்கது வேறு. மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடம், அவர் பதினைந்து வயதில் விரும்பிக் கேட்ட பாடல் எது என்று கேட்டு வரட்டும். அதனை வகுப்பில் ஒலிக்கச் செய்து, விளங்காத சொற்களுக்குப் பொருள் தேடட்டும். அம்முதியவர் அப்பாடலை எங்கே, யாரோடு கேட்டார் என்பதையும் எழுதிவைக்கட்டும். அடுத்த முறை ‘பழைய பாடல்கள்’ என்னும் அறிவிப்பு ஒலிக்கும்போது, அவ்வீட்டில் இருவர் சேர்ந்து கேட்கக்கூடும்.