உணவு விடுதியும் நாமும்

வெளியில் உண்பது ஒரு காலத்தில் பெரும்பாலும் வழிப்போக்கருக்கும் தனித்து வாழ்வோருக்கும் உரிய செயலாக இருந்தது. இன்றோ அது குடும்பங்களின் மகிழ்ச்சிகளுள் ஒன்றாகிவிட்டது. பிறந்தநாள் ஆயினும், தேர்வில் வெற்றி ஆயினும், உறவினர் வருகை ஆயினும் உணவு விடுதியை நாடுகிறோம். அவ்வாறு மகிழச் சென்று, மனம் சலித்துத் திரும்பும் மாலைகளும் உண்டு. அதற்குக் காரணங்கள் யாவை, அப்போது நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

அண்மையில் எங்கள் ஊர் விடுதியொன்றில் நான் கண்டதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். வெளியூரிலிருந்து வந்திருந்த என் தமக்கையாரை அழைத்துக்கொண்டு இரவு உணவுக்கு ஐவராகச் சென்றோம். உணவுப் பட்டியலில் நூற்றுக்கு மேற்பட்ட பண்டங்கள் இருந்தன. முக்கால் மணி நேரம் கழித்து வந்த குருமா ஓரங்களில் கொதித்தது, நடுவிலோ குளிர்ந்திருந்தது. பூரியில் சிக்கு வாடை வீசிற்று. தேங்காய்ச் சாதத்தில் மெல்லிய புளிப்பு இருந்தது. எழுபது வயதைக் கடந்த தமக்கையாரோ, அழைத்து வந்தவர் மனம் நோகலாகாது என்று வாய் திறவாமல் உண்ணத் தொடங்கினார். பக்கத்து மேசையில் ஒருவர், பரிமாறும் சிறு வயதுப் பையனை உரத்த குரலில் வைதுகொண்டிருந்தார்.

இக்குறைகளுள் எதுவும் அப்பையன் செய்ததன்று. நூறு பண்டங்களை அவ்வப்போது புதிதாகச் சமைப்பது எந்தச் சமையற்கூடத்திற்கும் அரிது. ஆதலின் பலவற்றை முன்னரே ஆக்கிக் குளிர்பெட்டியில் வைத்து, கேட்டபோது சூடாக்கித் தருவர். அது தன்னளவில் தவறன்று. செய்யும் முறையே முக்கியம். மைக்ரோவேவ் அடுப்பின் அலைகள் உணவினுள் சிறிதளவு ஆழமே நேராகப் புகும். அதற்குமேல் வெப்பம் மெல்லப் பரவியே உட்பகுதியை அடைய வேண்டும். இடையில் கிளறாவிடின் கெட்டியான குருமாவின் நடுப்பகுதி குளிர்ந்தே இருக்கும்.

சோற்றின் செய்தி இதனினும் கவனிக்கத்தக்கது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் இருப்பதுண்டு. கொதிநீரிலும் அவை மாள்வதில்லை. சமைத்த சோறு வெளியில் நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சுப்பொருளை உண்டாக்கக்கூடும். வாந்தியை விளைவிக்கும் அந்நச்சு, மீண்டும் சூடாக்குவதாலும் அழிவதில்லை. இதனாலேயே சூடான உணவை 60 பாகை செல்சியசுக்கு மேலும், குளிர்ந்த உணவை 5 பாகைக்குக் கீழும் வைத்தல் வேண்டும் என்பது விதி.

பொரிக்கும் எண்ணெய்க்கும் ஓர் எல்லை உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சப்படும் எண்ணெயில் துருவச் சேர்மங்கள் எனப்படும் சிதைவுப் பொருள்கள் பெருகுகின்றன. அவை 25 விழுக்காட்டைக் கடந்த எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்னும் விதி 2018 சூலை முதல் நடைமுறையில் உள்ளது. நிறம் கறுத்தலும், நுரைத்தலும், விரைவில் புகைதலும் எண்ணெய் கெட்டதன் அடையாளங்கள்.

இறுதியில் ரசீது. அதில் சேவைக் கட்டணம் என ஒரு தொகையைச் சேர்ப்பதுண்டு. அது வரியன்று. விடுதிகள் தாமாக அதனைச் சேர்க்கலாகாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 சூலையில் நெறிமுறை வகுத்தது. தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதனை ஏற்றுத் தீர்ப்பளித்தது. விரும்பினால் தரலாம், வேண்டாமெனில் நீக்கச் சொல்லலாம்.

இனி நாம் செய்யத்தக்கது யாது? சுவை வேறு, உணவின் நலம் வேறு என்பதை முதலில் உணர்தல் வேண்டும். காரம் மிகுதி, உப்புக் குறைவு என்பன அவரவர் விருப்பத்தைப் பொறுத்தவை. கெடாத உணவைப் பெறுதலோ நம் உரிமை. ஐயம் தோன்றிய உடனே உண்பதை நிறுத்தி, மேலாளரை அழைத்து, எந்தப் பண்டத்தில் என்ன குறை என்று தணிந்த குரலில் கூறுதல் நன்று. அன்று நான் அவ்வாறே கூறினேன். மேலாளர் சாதத்தை முகர்ந்து பார்த்தார். பாத்திரத்தில் எஞ்சியிருந்ததையும் கொட்டிவிடுமாறு உள்ளே சொல்லி அனுப்பினார். அவர் செவிசாய்க்காதிருந்தால், ரசீதில் அச்சிட்டிருக்க வேண்டிய 14 இலக்க உரிம எண்ணைக் குறிப்பிட்டு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதலாம். கட்டணம் பற்றிய முறையீட்டிற்கு 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு.

நம்மவருள் பலர் சண்டையிடுவர், அல்லது வாளாவிருந்து இனி அங்கே செல்வதில்லை என்று உறுதி பூணுவர். முன்னது பரிமாறுவோரை வருத்தும். பின்னது நமக்குப்பின் அங்கு உண்ண வரும் முதியோரையும் குழந்தைகளையும் காவாது. உரியவரிடம் உரிய வேளையில் கூறப்படும் ஒரு சொல்லே விடுதிக்கும் ஊருக்கும் நன்மை பயக்கும் என்பது என் துணிபு.