முள் ஏறினால் என்ஜின் போச்சா? பழைய கார் வைத்திருப்போரே, உஷார்!

சென்னை:

கத்திரி வெயில். பகல் 1 மணி. கத்திப்பாரா மேம்பாலத்தில் வண்டிகள் நத்தை போல ஊர்கின்றன. நடுவில் ஒரு பழைய அம்பாசிடர் கார். டாஷ்போர்டில் உள்ள டெம்பரேச்சர் மீட்டரின் முள் "எச்" எழுத்தைத் தொட்டு விட்டது!

ஓட்டுகிறவருக்கு குப்பென்று வியர்த்தது. "போச்சு... என்ஜின் போச்சு!" என்று காரை ஓரம் கட்டினார். பானட்டைத் திறந்தார். ஆவி இல்லை. கொதிக்கிற சத்தமும் இல்லை. ஆனாலும் பயம் விடவில்லை. காரைக் கயிறு கட்டி ஒர்க் ஷாப்புக்கு இழுத்துச் சென்றார்.

அங்கே ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்தார்கள். தெர்மோஸ்டாட் வால்வை மாற்றினார்கள். வாட்டர் பம்பையும் மாற்றினார்கள். பணம் தண்ணீராகக் கரைந்தது. முள் மட்டும் இறங்கவில்லை.

கடைசியில் கோளாறு எது? என்ஜினில் உரசி, மேல் தோல் உரிந்து போன ஒரு சின்ன வயர்!

இது ஒருவர் கதை அல்ல. பழைய கார் வைத்திருக்கும் பலருக்கும் நேருகிற கதை.

இன்னும் ஓடுகின்றன

அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றது. பியட், பத்மினி கார்களும் இப்போது தயாராவது இல்லை. சென்னையின் சொந்தக் காரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1961-ல் வண்டலூர் பக்கம் உள்ள தொழிற்சாலையில் இருந்து வெளிவரத் தொடங்கியது. அதுவும் பழங்கதை ஆகி விட்டது. ஆனால் அப்பா வாங்கிய கார், தாத்தா ஓட்டிய கார் என்று பலர் இன்றும் போற்றி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கார்களில் என்ஜின் சூட்டைச் சொல்லும் ஒரே சாட்சி அந்த முள்தான். சாட்சி பொய் சொன்னால்?

எப்படி வேலை செய்கிறது?

என்ஜினில் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு சென்சார் திருகப்பட்டு இருக்கும். அதில் இருந்து ஒரே ஒரு வயர் மீட்டருக்குப் போகும். சூடு ஏற ஏற சென்சாரின் மின்தடை குறையும். மின்சாரம் கூடுதலாகப் பாயும். முள் ஏறும். அவ்வளவுதான் சங்கதி.

இதைப் புரிந்து கொண்டால் பாதி கோளாறை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்து விடலாம்.

காலையில் ஒரு சோதனை

இரவு முழுவதும் நின்ற கார். என்ஜின் ஜில்லென்று இருக்கிறது. ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடுங்கள். முள் விறுவிறு என்று "எச்"சுக்கு ஓடுகிறதா? அப்படியானால் குற்றவாளி என்ஜின் அல்ல. சென்சாரோ, வயரோ, மீட்டரோதான்.

அடுத்து, சென்சாரில் இருந்து வயரைக் கழற்றுங்கள். முள் கீழே இறங்கினால் சென்சார் கெட்டு விட்டது. இறங்காமல் அங்கேயே நின்றால், வழியில் எங்கோ வயர் உரிந்து பாடியில் ஒட்டுகிறது. அல்லது மீட்டரில் கோளாறு.

முள் எப்போதும் "சி"யிலேயே தூங்குகிறதா? கழற்றிய வயரின் முனையை என்ஜினின் சுத்தமான இரும்பில் தொட்டு வையுங்கள். முள் ஏறத் தொடங்கினால் மீட்டரும் வயரும் நல்லவை. சென்சார்தான் போய் விட்டது. முள் கிளம்பியதுமே வயரை எடுத்து விட வேண்டும். தொட்டபடியே வைத்திருந்தால் மீட்டர் கருகி விடலாம்.

டேப் செய்த கூத்து

புது சென்சார் போட்டும் முள் ஏறவில்லையா? தண்ணீர் கசியாமல் இருக்க மரையில் வெள்ளை டேப் சுற்றி இருக்கிறார்களா என்று பாருங்கள். சென்சாருக்கு "எர்த்" கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான். டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் மின்சாரத்துக்கு வழி அடைபட்டு விடும்.

இன்னொரு விஷயம். பழைய சென்சாரைக் கையோடு எடுத்துச் செல்லாமல் கடையில் வாங்காதீர்கள். மரை பொருந்தும். ஆனால் அளவு வேறாக இருக்கும். முள் தப்புக் கணக்கு சொல்லும்.

பெட்ரோல் முள்ளைப் பாருங்கள்

டெம்பரேச்சர் முள்ளோடு பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஏறுகிறதா? டேங்கில் பாதிதான் இருக்கும். முள் "புல்" என்று காட்டும். இரண்டும் ஒன்றாகக் கெடுவது அபூர்வம்.

பிரிட்டிஷ் முறையில் செய்த பல கார்களில், இரண்டு மீட்டருக்கும் சேர்த்து ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் உண்டு. பேட்டரியின் 12 வோல்ட்டை 10 வோல்ட் அளவுக்குக் கட்டுப்படுத்தி அனுப்புவது அதன் வேலை. அதற்கு "எர்த்" விட்டுப் போனால் இரண்டு முள்ளும் துள்ளும். துருவைச் சுரண்டி, திருகை இறுக்கினாலே சரியாகி விடலாம்.

இன்னும் பழைய கார்களில் வயரே இருக்காது. மெல்லிய குழாய் ஒன்று மீட்டரில் இருந்து என்ஜினுக்குப் போகும். உள்ளே ஈதர் இருக்கும். அந்தக் குழாய் ஒடிந்தால் முள் செத்து விடும். அதை வெட்டவோ மடக்கவோ கூடாது.

இதுதான் பெரிய ஆபத்து

முள் பொய்யாக ஏறினால் பணம்தான் போகும். பொய்யாக இறங்கினால்? என்ஜினே போகும்!

ஹோஸ் வெடித்து தண்ணீர் முழுவதும் கொட்டி விட்டது என்று வையுங்கள். சென்சார் தண்ணீரில் நனையாமல் அந்தரத்தில் நிற்கும். உள்ளே என்ஜின் வெந்து கொண்டு இருக்கும். முள்ளோ "நான் கூல்" என்று கீழே இறங்கும்! ஓட்டுகிறவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டு மேலும் மிதிப்பார். ஹெட் வளைந்து, கேஸ்கட் போய், பிஸ்டன் பிடித்துக் கொள்ளும்.

ஆகவே ஏறி இருந்த முள் திடீர் என்று விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். உடனே வண்டியை நிறுத்துங்கள்.

மூடியைத் தொடாதீர்கள்

முள் உண்மை சொல்கிறதா, பொய் சொல்கிறதா என்று பார்க்க, சிலர் ரேடியேட்டர் மூடியைத் திறக்கிறார்கள். உயிருக்கே உலை வைக்கும் காரியம் இது. அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த மறுகணம் பீறிட்டு முகத்தில் அடிக்கும். தொட்டால் சுடாத அளவுக்கு என்ஜின் ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் கூடாது. விரிசல் விடும்.

சூட்டை அளக்கும் துப்பாக்கி போன்ற கருவி இப்போது கடைகளில் கிடைக்கிறது. சென்சார் பக்கம் காட்டினால் ஓரளவு உண்மை தெரியும். 2020-ல் கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அது இதற்கு உதவாது. அது காய்ச்சல் பார்க்க மட்டும்தான்.

"முதல்ல வயரைப் பாரு"

"பாய், ரேடியேட்டர கழட்டிடலாமா?" என்று பதறி வருகிற கார்க்காரருக்கு, அனுபவப்பட்ட மெக்கானிக் சொல்கிற பதில் இதுதான்:

"கொஞ்சம் இருங்க சார். நோவு உடம்புலயா, தெர்மாமீட்டர்லயான்னு மொதல்ல பாத்துடுவோம்!"