பேட்டரிமேல் பழி போடுமுன்

உங்கள் தெருவில் பழைய புல்லட் ஒன்று நின்றால், அதன் ஹெட்லைட்டுக்கு மேலே பாருங்கள். வேகம் காட்டும் பெரிய மீட்டரோடு சின்னதாக இன்னொரு வட்டமும் இருக்கும். ஒரு பக்கம் கூட்டல் குறி, மறுபக்கம் கழித்தல் குறி, நடுவில் ஒரு முள். அதன் பெயர் அம்மீட்டர். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. காலடிப்பேட்டைக்கு அருகே, அந்த நிறுவனத்தின் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த புல்லட்டுகளில் பல ஆண்டுகள் இந்த முள் இருந்தது.

எஞ்சினை அணைத்துவிட்டு விளக்கைப் போட்டால் முள் கழித்தல் பக்கம் சாயும். பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியே போகிறது என்று பொருள். எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரை முறுக்கினால் கூட்டல் பக்கம் நகரும். இப்போது பேட்டரிக்குள் மின்சாரம் ஏறுகிறது. எவ்வளவு அழகான கருவி! இன்றைய கார்களில் அது இல்லை. பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு மட்டும்தான். அதனால்தான் காலையில் செல்ஃப் எடுக்காவிட்டால், எல்லாரும் யோசிக்காமல் “பேட்டரி போச்சு” என்கிறார்கள். புதிது வாங்கி மாட்டுகிறார்கள். சில நாளில் அதுவும் படுத்துவிடுகிறது.

ஏன்? பேட்டரி என்பது உங்கள் வீட்டு மாடித் தொட்டி மாதிரி. தொட்டி காலியாக இருந்தால் தொட்டியில் விரிசலா, மோட்டார் ஓடவில்லையா, எங்காவது குழாய் ஒழுகுகிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும் அல்லவா?

காரில் மோட்டாரின் வேலையைச் செய்வது ஆல்டர்னேட்டர். எஞ்சின் ஒரு பெல்ட்டால் அதைச் சுழற்றுகிறது. உள்ளே ஒரு மின்காந்தம் கம்பிச் சுருள்களுக்கு நடுவே சுழல, சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த அதே விதி! ஆனால் இது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். டயோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்பிய பிறகுதான் பேட்டரி ஏற்றுக்கொள்ளும்.

கார்களில் உள்ள இந்த வகைப் பேட்டரி பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளான்ட்டே 1859-இல் உருவாக்கியது. ஈயத் தகடுகள், நீர் கலந்த கந்தக அமிலம்; அடிப்படை இன்றும் அதுவேதான். ஒரு செல் சுமார் 2.1 வோல்ட் தரும். காரில் 6 செல்கள். பெருக்கிப் பாருங்கள்: 12.6! துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளில் இப்படி இரண்டு பேட்டரிகளை வரிசையாக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள்.

இனி துப்பறிவோம். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுப் பெரியவர் ஒருவர் சாவியைத் திருப்பட்டும். விளக்கு மங்கி ‘டக் டக் டக்’ என்று சத்தம் வந்தால் பேட்டரியில் வலு இல்லை, அல்லது அதில் வயர் மாட்டும் டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. செல்ஃப் மோட்டாருக்கு அந்த ஒரு நொடியில் 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். விளக்கு பளிச்சென்று எரிந்தும் செல்ஃப் சுற்றாவிட்டால் பேட்டரியை விட்டுவிட்டு செல்ஃப் மோட்டாரையும் அதன் வயர்களையும் பாருங்கள்.

அடுத்து, வோல்ட்டை அளக்கும் மல்ட்டிமீட்டர். வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு 12.6 காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், நிறைந்த பேட்டரியாக இருந்தாலும் தகடுகள் கெட்டிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லையா? பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஆல்டர்னேட்டர் பழுதாகியிருக்கலாம். 15-ஐத் தாண்டினாலும் ஆபத்துதான். அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் பேட்டரியில் உள்ள தண்ணீர் பிரிந்து வாயுவாகப் போய்விடும்.

எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு நாள் நின்றால் பேட்டரி இறங்குகிறதா? அப்போது ஒழுகும் குழாயைத் தேடுங்கள். டிக்கியை மூடிய பிறகும் அணையாத குட்டி பல்பு ஒன்று போதும்.

வடசென்னைக் கடலோரமான நம் பகுதிக்கென்று இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று உப்புக் காற்று. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் தூள் மின்சாரத்தை மறிக்கும். மெக்கானிக்குகள் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, காயவைத்து, வாசலின் தடவுவார்கள். மற்றொன்று நெரிசல். தினமும் ராயபுரம் வரை மட்டும் ஊர்ந்து போய்வரும் காரில், ஏசியும் விளக்கும் எடுத்துக்கொண்டது போக பேட்டரிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். நல்ல ஆல்டர்னேட்டர் இருந்தும் பேட்டரி நிறையாது.

இதையெல்லாம் பெரியவர்கள் செய்ய, நீங்கள் தள்ளி நின்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது தோலைப் பொசுக்கும் அமிலம். சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன் ஒரு தீப்பொறி பட்டாலும் வெடிக்கும். எஞ்சின் ஓடும்போதே டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்க்கும் பழைய பழக்கத்தை யாராவது செய்ய வந்தால் தடுத்துவிடுங்கள். அந்த நொடியில் மின்னழுத்தம் சட்டென்று எகிறி, காரில் உள்ள கம்ப்யூட்டரையே கெடுத்துவிடும்.