தூண்டில்காரருக்குக் கடலில் என்ன பங்கு?

பினாங்கின் சூலியா தெருவில் கிழக்கே நடந்துகொண்டே இருந்தால் தெரு கடலில்தான் போய் முட்டும். நாகூர் தர்காவைத் தாண்டி, காட் பகுதியையும் கடந்தால் பெங்காலான் வெல்ட். அதற்கு அப்பால் சீனர் குலங்களின் படகுத்துறைகள், பிறகு தண்ணீர். இந்தத் தெருவிலும் பக்கத்துச் சந்துகளிலும் கடை வைத்திருப்பவர், சாப்பாட்டுக் கடையில் வேலை பார்ப்பவர், லாரி ஓட்டுபவர் எனப் பலருக்கு ஓய்வு நாள் வந்தால் தூண்டில்தான். சிலர் கர்ப்பால் சிங் டிரைவ் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். வேறு சிலர் ஐந்தாறு பேராகக் காசு சேர்த்து, போட் எடுத்துக்கொண்டு தீவின் தெற்கே போவார்கள். இவர்களிடம், "நாளைக்கே அந்த இடத்தை மூடிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?" என்று விசாரித்தால் சிரிப்பார்கள். கேட்கப் போக ஓர் இடம் இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றியதில்லை.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்கா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் ஒரு மீன் வகையில் ஆண்டுக்கு இத்தனை டன் பிடிக்கலாம், அதில் வணிகப் படகுக்கு இவ்வளவு, தூண்டில்காரருக்கு இவ்வளவு என்று எழுதி வைக்கிறார்கள். சண்டை போட ஓர் எண்ணாவது கையில் இருக்கும். மலேசியாவில் பெரும்பாலான மீன்களுக்கு அப்படி எடைக் கணக்கு கிடையாது. யாருக்கு உரிமம், எந்த வலை, கரையிலிருந்து எத்தனை மைல் என்பதை வைத்துத்தான் இங்கே பங்கீடு. புக்காட் துண்டா எனப்படும் இழுவைமடிப் படகுகளும் கரையோரச் சிறு மீனவர்களும் பல ஆண்டுகள் மோதிக்கொண்ட பிறகு, 1981இல் வந்த உரிமக் கொள்கை கரையிலிருந்து 5 கடல் மைல் வரை பாரம்பரிய மீனவருக்கென்று ஒதுக்கியது. மேற்குக் கரையில் அந்த எல்லைகள் பிற்பாடு மாற்றி அமைக்கப்பட்டன. பகுதி மீனவர் சங்கங்களுக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு, எல்கேஐஎம் எனப்படும் மீன்வள மேம்பாட்டு வாரியம் உண்டு, மாத உதவித்தொகை உண்டு. ஓய்வு நாளில் மட்டும் தூண்டில் போடுபவர் இந்த ஏற்பாடு எதிலும் வரமாட்டார். பிழைப்புக்காக மீன் பிடிப்பவருக்கு முதலிடம் கொடுத்தது சரியே. ஆனால் கடைசி இடம்கூட இல்லாமல் போனதன் விளைவை இடம் பறிபோகும் நாளில்தான் உணர்கிறோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கூட்டரசு அரசியலமைப்பின்படி கடல் மீன்பிடி கூட்டரசின் அதிகாரம். ஆற்று மீன்பிடியும் ஆமையும் நிலமும் மாநிலத்தின் அதிகாரம். கரையிலிருந்து 3 கடல் மைல் வரையுள்ள கடலடியும் மாநிலத்தின் கைக்குள் வருகிறது. ஆக, மீன் புத்ராஜெயாவுக்குச் சொந்தம், மீன் நீந்தும் இடத்தின் அடித்தரை கொம்தாரில் இருக்கும் மாநில அரசுக்குச் சொந்தம். புகார் கொண்டுபோகிறவரை ஒரு கதவு மற்றக் கதவுக்கு அனுப்பிவைப்பது இதனால்தான்.

பினாங்கின் தெற்குக் கடலில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெர்மாத்தாங் டாமார் லாவுட், சுங்கை பத்து, தெலுக் கும்பார், கெர்தாக் சங்குல் ஆகிய ஊர்களுக்கு எதிரே கடலைத் தூர்த்து மூன்று தீவுகள் உண்டாக்க மாநில அரசு திட்டமிட்டது. மொத்தம் ஏறக்குறைய 4,500 ஏக்கர். இறாலும் செனாங்கினும் கிடைக்கிற ஆழமில்லாத கடல் அது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்கு 2019 ஜூனில் 72 நிபந்தனைகளோடு ஒப்புதல் கிடைத்தது. சுங்கை பத்து மீனவர்கள் அதோடு ஓய்ந்துவிடவில்லை. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் உள்ள மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனார்கள். 2021 செப்டம்பரில் வாரியம் அந்த ஒப்புதலை ரத்துசெய்தது. கூட்டரசின் ஒரு துறை கொடுத்த ஒப்புதலைச் சிறு படகு வைத்திருப்பவர்கள் தாள்களைக் கொண்டே வீழ்த்தினார்கள்.

வெற்றி முழுமையாக நிலைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். புதிய அறிக்கை தயாராகி, 2023 ஏப்ரலில் 71 நிபந்தனைகளோடு மீண்டும் ஒப்புதல் வந்தது. அடுத்த மாதம் திட்டம் ஒரே தீவாகச் சுருங்கியது: சிலிக்கான் தீவு, 2,300 ஏக்கர். செப்டம்பரில் மண் கொட்டத் தொடங்கினார்கள். ஆனாலும் 4,500 ஏக்கர் 2,300 ஆனதிலும் நான்கு ஆண்டுகள் தாமதமானதிலும் அந்த எதிர்ப்புக்குப் பங்கில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அவர்கள் தனியாகவும் நிற்கவில்லை. தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் சஹாபாட் ஆலாம் மலேசியாவையும் 2019இல் இறக்கும்வரை தலைமையேற்று நடத்தினார். கரையோர மீனவர்களின் மனுக்களை எழுதவும் வழக்கறிஞர்களைத் தேடித்தரவும் இந்த அமைப்புகள் பல பத்தாண்டுகளாக உழைத்திருக்கின்றன. இத்ரிசுக்குப் பின் சஹாபாட் ஆலாமின் தலைமைக்கு வந்தவர் வழக்கறிஞர் மீனாட்சி ராமன். நம் தெருவுக்கு அந்நியமானவர்கள் நடத்திய போராட்டம் அல்ல இது.

இந்தக் கதையில் தூண்டில்காரர் எங்கே? கருணைத் தொகை, புதுப் படகு, எஞ்சின் என்ற பேச்செல்லாம் மீனவர்களைச் சுற்றித்தான் நடந்தது. ஜார்ஜ்டவுனில் ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் அங்கே போய் வந்தவர் எதை இழந்தார் என்று கணக்கெடுக்க எவரிடமும் தாள் இல்லை. அவரிடமே இல்லை. என் பார்வையில் இதுதான் முதலில் சரிசெய்ய வேண்டிய குறை.

முதல் வேலை சங்கம். ஏழு பேர் சேர்ந்தாலே 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கண்ணில் அது ஒரு சங்கம், பதிவுசெய்தாக வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் முந்நூறு பேர் இருப்பதால் எந்த அலுவலகமும் கூட்டத்துக்குக் கூப்பிடாது. பதிவு எண் உள்ள சங்கத்தின் கடிதத்துக்குக் கோப்பில் இடம் உண்டு. அடுத்தது குறிப்பேடு. மீனைத் தூக்கிப் பிடித்த படத்தோடு நம் ஆட்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். வழக்குக்கும் ஆட்சேபத்துக்கும் உதவுவது வேறு மாதிரியான பதிவு: தேதி, இடம், தண்ணீர் ஏற்றமா வற்றமா, உயிர் இறாலா உம்புன்-உம்புன் புழுவா, மூன்று செனாங்கின், பெரியது 42 செ.மீ., சிறியது 28 செ.மீ., திரும்ப விட்டது ஒன்று, போட் வாடகை இவ்வளவு, இரைக்கு இவ்வளவு. இருபது பேர் இரண்டு ஆண்டுகள் இப்படி எழுதி வைத்தால், அந்த இடத்தில் மீன்பிடி பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று ஓர் ஆலோசகர் அறிக்கையில் எழுதிவிட்டுப் போக முடியாது.

பெரிய அளவில் கடலைத் தூர்க்கும் திட்டங்களின் தாக்க அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். கருத்துச் சொல்ல மீனவர் அட்டை தேவையில்லை, எழுத்தில் கொடுத்தால் போதும். மேல்முறையீட்டுக்குக் கெடு குறுகியது என்பதால் ஒப்புதல் வந்த அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள். பினாங்கில் இன்னொரு வசதியும் உண்டு. 2010ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம் 2015 முதல் இங்கே நடைமுறையில் இருக்கிறது. மலேசியாவில் எல்லா மாநிலத்தாருக்கும் இது வாய்க்கவில்லை. மாநிலத் துறைகளிடம் இருக்கும் ஆவணத்தைக் கட்டணம் கட்டிக் கேட்கலாம். மீன்வளத் துறையும் சுற்றுச்சூழல் துறையும் கூட்டரசுத் துறைகள், அவை இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டா.

நீதிமன்றத்துக்குப் போவதானால் நீதிமுறை மறுஆய்வு மனுவுக்கு மூன்று மாதக் கெடு. முதலில் அனுமதி வாங்க வேண்டும். பணத்தில் நேரடி நட்டம் இருந்தால்தான் வழக்காடலாம் என்ற பழைய பயத்தைக் கூட்டரசு நீதிமன்றம் 2014இல் எம்டியூசி என்ற தொழிற்சங்கக் காங்கிரசின் வழக்கில் தளர்த்திவிட்டது. விஷயத்தில் உண்மையான அக்கறை உள்ளவர் என்று காட்டினால் நுழையலாம். காட்டுவதற்குத்தான் அந்தச் சங்கமும் குறிப்பேடும். தோற்றால் செலவுத்தொகை தலையில் விழலாம், அதையும் யோசித்துப் போங்கள். பேரணி நடத்தினால் ஐந்து நாள் முன்னதாகப் போலீசுக்கு அறிவிப்புக் கொடுப்பது முறை.

ஒன்றுசேர்ந்து கேட்டால் நடக்கும் என்பதற்கு நியூசிலாந்து சாட்சி. 2013இல் ஆக்லாந்து பக்கத்துக் கடலில் ஸ்னாப்பர் மீனுக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 9 என்றிருந்த வரம்பை 3 ஆக்கலாம் என்று அரசு ஒரு யோசனை வைத்தது. தூண்டில்காரர்கள் பல்லாயிரக்கணக்கில் மனு எழுதினார்கள். முடிவில் 7 மீன், குறைந்தது 30 செ.மீ. நீளம் என்று ஆனது. மெக்சிகோ வளைகுடாவில் நடந்ததை இதே மகிழ்ச்சியோடு சொல்ல முடியாது. அங்கே சிவப்பு ஸ்னாப்பரில் 51 விழுக்காடு வணிகத்துக்கு, 49 பொழுதுபோக்குக்கு. 2017இல் தனியார் படகுத் தூண்டில்காரருக்குக் கூட்டரசுக் கடலில் கிடைத்தது மூன்றே நாள். கூச்சல் எழுந்தது, இன்னும் 39 நாள் கொடுத்தார்கள். இதனால் மீன்வளம் மீள்வது தாமதமாகும் என்பதை அரசே ஒப்புக்கொண்டது. சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன. கேட்டது கிடைத்தது, மீனுக்குத்தான் நட்டம்.

ஆகவே எல்லா மூடலும் அநியாயம் என்று கொடி பிடிக்காதீர்கள். பினாங்கு போட்டுகள் போய் எட்டக்கூடிய புலாவ் பாயார், காசா, லெம்பு, செகந்தாங் தீவுகளைச் சுற்றி 2 கடல் மைல் கடல் பூங்கா. உள்ளே தூண்டில் போட்டாலும் குற்றம். 20,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எல்லை தெரியாது என்பது போட் ஓட்டும் தெக்கோங்கைக் காப்பாற்றாது, உங்களையும் காப்பாற்றாது. திமிங்கலச் சுறா, கடல்பசு, 2019 திருத்தத்துக்குப் பிறகு சில கொம்பன் சுறாக்கள், யானைத் திருக்கை ஆகியவை தூண்டிலில் சிக்கினால் உயிரோடு விட்டுவிடுங்கள். ஜெலுத்தோங் கரைக்கு எதிரேயுள்ள கடற்புல் திட்டைக் காப்பகமாக்கும் யோசனை மாநிலத்தில் பல ஆண்டுகளாக உண்டு. சியாக்காப் குஞ்சு வளரும் இடத்தைக் காப்பதை நான் எதிர்க்கமாட்டேன். எந்தப் பகுதி, எத்தனை மாதம், கரையில் நிற்கும் இடம் திறந்திருக்குமா என்று பேசி வாங்கலாம். பத்து செ.மீ. மீனையும் ஐஸ் பெட்டியில் போட்டுக்கொள்கிற சங்கத்தின் பேச்சை அப்போது யார் மதிப்பார்கள்?

சிறு மீனவரோடு மோதவும் வேண்டாம். போட் அவருடையது, தெக்கோங்கும் அவர்தான்; கடல் தூர்ந்தால் இருவருக்கும் இழப்பு. ஆனால் மீன்பிடி உரிமம் உள்ள படகு ஆள் ஏற்றவும் உரிமம் பெற்றது என்று எண்ணிவிடாதீர்கள். ஏறுமுன் தாளைக் காட்டச் சொல்லுங்கள், உயிர்காப்பு அங்கியை எண்ணிப் பாருங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், நல்ல தெக்கோங் கோபிக்கமாட்டார்.

மனு கொடுக்கும்போது ஒரே நாளில் மீன்வளத் துறைக்கும் மாநில அரசுக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். பிரதியில் அலுவலகச் சாப்பும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வந்தால் உறையையும் எறியாதீர்கள். முடிவு உங்களுக்கு என்றைக்குத் தெரியவந்தது என்ற கேள்வி எழும்போது, மூன்று மாதக் கணக்கை அந்த உறையின் தபால் முத்திரையும் சொல்லும்.